கொசுறாகக் கொடுத்த மாத்திரை

வில்லியனூர் கடைத்தெருவில் ஆதிமூலம் செட்டியார் செய்த ஒரே தர்மகாரியம் படுதோல்வி அடைந்தது. அவர் வாழ்க்கையில் மற்றவையெல்லாம் லாபத்தில் முடிந்தவை. அவற்றில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இந்த ஒன்றைச் சொன்னால் போதும், மனிதர் விளங்கிவிடுவார்.

தலைமுறை தலைமுறையாக மளிகை வியாபாரம் செய்த குடும்பம். பாகம் பிரித்தபோது அண்ணனுக்கு மளிகைக் கடை போயிற்று, இவருக்கு வெறும் கட்டடம் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் அதில் மருந்துக்கடை வைத்தார். சட்டப்படி இருக்கவேண்டிய பார்மசிஸ்டின் சர்டிபிகேட் சுவரில் கண்ணாடிக்குள் தொங்கியது. அதன் சொந்தக்காரர் எப்போதாவது கடலூரிலிருந்து வருவார். சர்டிபிகேட் சௌக்கியமாக இருக்கிறதா என்று பார்ப்பார். காபி குடித்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாட்களில், மிளகு நிறுத்துப் பழகிய கையாலேயே செட்டியார் மாத்திரை எண்ணிக் கொடுத்தார். இருமல் மருந்து வாங்குகிறவனுக்குக் கொஞ்சம் பனங்கற்கண்டு கொசுறாகக் கிடைக்கும். கொசுறு இல்லாமல் ஒருவரை அனுப்புவது பரம்பரைக்கே இழுக்கு என்பது அவர் கட்சி.

ஒரே ஒரு சரக்கை மட்டும் அவர் வாய் திறக்காமல் விற்றார். மனக்கோளாறுக்கான மாத்திரை அது. வாங்க வருகிறவர் 'அது வேணும்' என்பார். செட்டியார் கூரையைப் பார்த்துக்கொண்டே பொட்டலம் மடிப்பார். இதை நாகரிகம் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

செவ்வாய்தோறும் 'அது' வாங்க வருகிறவன் செல்லிப்பட்டு குழந்தைவேல். கொஞ்சம் கரும்பு, வெல்லம் காய்ச்ச ஒரு கொட்டகை. அவன் மனைவி அமுதத்துக்குக் காதில் யாரோ கூப்பிடுகிற குரல் கேட்கும். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து சங்கராபரணி ஆற்றை நோக்கி நடந்துவிடுவாள். புதுச்சேரி டாக்டர் காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை என்று எழுதிக்கொடுத்த பிறகு குரல் அடங்கியது. ஆனால் கரும்பு வருஷத்துக்கு ஒருமுறை காசு தருவது. மாத்திரை வாராவாரம் காசு கேட்பது. எழுபத்து நான்கில் விலைவாசி ஏறியதும் குழந்தைவேல் பாதிதான் வாங்கினான். காலை மாத்திரை நின்றது. இன்னொரு தடவை ஆற்றங்கரையில் தேடவைத்தால் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம், திருப்பி அனுப்பமாட்டோம் என்று சுத்துக்கேணியிலிருந்த அவள் அண்ணன்மார் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள்.

இதெல்லாம் செட்டியாருக்குத் தெரியும். மெட்ராஸில் ஒரு சின்னக் கம்பெனி அதே மருந்தைப் பாதி விலைக்குத் தருகிறது என்று கேள்விப்பட்டு, டாக்டரிடம் நேரில் போய்க் கேட்டு, சரிதான் என்று தெரிந்துகொண்டு வரவழைத்தார். அதில் லாபம் வைப்பதில்லை என்றும் தீர்மானித்தார். அன்று சாயங்காலம் அவருக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தது.

செவ்வாய்க்கிழமை பாதி விலை சொன்னதும் குழந்தைவேல் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தான்.

"வெலை ஏன் எறங்குது செட்டியாரே? வெல்லம் கசிஞ்சிட்டாத்தான் நான் வெலைய எறக்குவேன்."

"இது கசியற சரக்கு இல்லப்பா."

அவன் நம்பவில்லை. பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய், பெரிய கம்பெனி மாத்திரையைப் பழைய விலைக்கே, பழையபடி பாதி வாங்கிக்கொண்டு போனான்.

தர்மம் செய்யக்கூட வியாபார மூளை வேண்டும் என்று செட்டியாருக்கு அப்போது உறைத்தது. அடுத்த வாரம் விலையைப் பழைய இடத்துக்கே ஏற்றினார். குழந்தைவேல் முகம் தெளிந்தது. அவன் கேட்ட அளவை ஒரு பொட்டலத்தில் கட்டினார். அதே அளவை இன்னொரு பொட்டலத்தில் கட்டி, "இது கொசுறு, வச்சிக்க" என்றார்.

இரண்டும் ஒரே மருந்து, காலை வேளைக்கு இதைக் கொடு என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் தலைவலித் தைலம் வாங்க வந்த கோகிலாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்த சேதி அவள் வீடு போய்ச் சேருவதற்குள் கொம்யூனில் உள்ள ஊர்கள் முழுக்கச் சுற்றிவந்துவிடும். செட்டியார் கூரையைப் பார்த்தார்.

அதன்பின் பல மாதம் அவர் தம்மைத்தாமே மெச்சிக்கொண்டு திரிந்தார். கோயிலில் சாமியைப் பார்க்கும்போது சமதையாகப் பார்த்தார் என்று சொல்வார்கள்.

பொங்கல் கழித்துக் குழந்தைவேலைக் கொஞ்சநாள் காணவில்லை. பிறகு ஒரு பவுடர் டப்பாவோடு வந்தான். அமுதம் மறுபடி ஆற்றில் இறங்கிவிட்டாள், மணல் அள்ள வந்த வண்டிக்காரர்கள் கரையேற்றினார்கள், அண்ணன்மார் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொன்னான். டப்பாவைத் திறந்து நீட்டினான். முழுக்க மாத்திரை.

"ஒங்க கொசுறுங்க. வேற யாருக்காச்சும் ஆவும்."

"இன்னாப்பா இது? நீ குடுக்கவே இல்லியா?"

"கொசுறப் போயி எப்படிங்க குடுப்பேன்? நான் குடுக்கற கொசுறு வெல்லக் கொப்பரையில ஒட்டுன சொரண்டல். மாட்டுக்குப் போடலாம். பொண்டாட்டிக்கு நல்லதா வாங்கிக் குடுக்கணும்னுதான காசு குடுத்தேன்?"

அந்த வெள்ளிக்கிழமை, கடைத்தெரு வரலாற்றில் இல்லாதபடி, செட்டியார் கடையைப் பூட்டிவிட்டு சுத்துக்கேணிக்கு பஸ் ஏறினார். அண்ணன்மார் வாசலிலேயே நிறுத்தினார்கள். தெருவே கேட்க, இன்ன வியாதி, இன்ன மருந்து, பாதி விலைக்குக் கிடைப்பதும் அதே மருந்துதான் என்று எல்லாவற்றையும் சொன்னார். அவர் கொண்டுபோன மருந்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தங்கச்சியை அனுப்புகிற பேச்சு மட்டும் வேண்டாம் என்றார்கள். கடைசிவரை அனுப்பவும் இல்லை.

அமுதம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள், பார்வை தெளிவாக இருந்தது.

"முழுங்கறது நான். எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே" என்றாள்.

செட்டியாரின் கண் பழக்கத்தில் கூரையைத் தேடியது.

"காலையிலயும் ஒண்ணு போட்டிருந்தா நான் எங்க வூட்டுலயே இருந்திருப்பேனா, செட்டியாரே?"

எந்த வாடிக்கைக்காரருக்கும் வளைத்துப் பதில் சொல்லத் தெரிந்தவர் அவர்.

"இருந்திருப்பம்மா" என்றார்.

வெயிலில் வந்தவர் என்று, அவள் உள்ளே போய் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள்.