அக்கா விடுப்புக் கேட்டார்

கௌசல்யா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் பேருந்தில் அவிநாசியைத் தாண்டிக்கொண்டிருந்தேன். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில், ஆய்வறிக்கைக்கு அட்டை என்ன நிறம் என்று யாரோ கேட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, அக்காவின் தம்பி அனுப்பிய ஒற்றை வரியை ஒருவர் பகிர்ந்திருந்தார். அதை மறுபடி படிப்பதற்குள் தொலைபேசி அடித்தது. பெருந்துறையில் நாங்கள் இருவரும் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த ஆடை ஏற்றுமதி நிறுவனத்தின் கிடங்கு மேலாளர். “கேள்விப்பட்டனுங்க. மனசே சரியில்லீங்க” என்றார். அதே மூச்சில், “இன்னிக்கு நீங்க வந்துருவீங்கல்லங்க?” என்றார்.

மரியாதைக்கு எங்கள் பக்கத்தில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை.

மறுநாள் கல்லூரியில் எங்கள் துறை ஓர் இரங்கல் குறிப்பு வெளியிட்டது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘தன் உடல்நலக் குறைவை யாரிடமும் சொல்லாமல் கடைசிவரை கடமையாற்றியவர்’ என்று அதில் ஒரு வரி. அந்த வரி பொய். அக்கா சொன்னார். விடுப்புக் கேட்டார். இரண்டு இடத்தில் கேட்டார். இரண்டு முறையும் நான் பக்கத்தில் இருந்தேன். அவருடன் படித்த உங்களுக்கு அது தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

திட்ட மேலாண்மையும் விநியோகச் சங்கிலியும் படிக்க வந்த எங்கள் வகுப்பில் அவர்தான் மூத்தவர். திருப்பூரில் பல வருடம் மெர்ச்சண்டைசராக, ஆர்டர் வந்தது முதல் சரக்கு கப்பலேறுவது வரை பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். அவர் வேலை பழக்கிவிட்ட பையன்கள் பட்டத்தைக் காட்டி அவருக்கு மேலே போய் உட்கார்ந்தார்கள். “நானும் ஒரு சர்டிபிகேட்ட வாங்கி மாட்டிப்போட்டு வாரேன்னு வந்துட்டேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நான் பேருந்தில் நாவல் படிப்பது அவருக்குப் பெரிய வேடிக்கை. “ஏனம்மணி, அந்தக் கதைல சரக்கு எப்பத்தான் போய்ச் சேருது?” என்பார்.

முதல் பருவத்தில் ஒருநாள் பேராசிரியர், வேலைத் திட்டத்தில் தாமதத்துக்கென்று கொஞ்சம் நாள் ஒதுக்கிவைப்பது பற்றி நடத்திக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து, நம் ஊரில் அது எப்படி நடக்கிறது என்று சொன்னார். வெளிநாட்டுக்காரன் ஒரு தேதி கொடுப்பான். மெர்ச்சண்டைசர் அதற்கு ஒரு வாரம் முந்திய தேதியைத் தையல் கம்பெனிக்குச் சொல்வார். தையல் கம்பெனி இன்னும் ஒரு வாரம் குறைத்துச் சாயப்பட்டறைக்குச் சொல்லும். பட்டறைக்காரருக்கு இதெல்லாம் தெரியும். அதனால் அவர் எந்தத் தேதியையும் நம்பாமல் டீ குடிக்கப் போய்விடுவார். வகுப்பே சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். கல்யாண ரவிக்கைக்குத் தையல்காரரிடம் முந்திய தேதி சொல்லாத வீடு எங்கள் யாருக்கும் இல்லை. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “சிரிப்பாத்தானுங்க சார் இருக்கும். ஆனா எல்லாரும் சேத்துச் சேத்துச் சொல்லி, நெசமாவே அவசரம்னு ஒருத்தன் வந்து நின்னா அவனையும் நம்ப மாட்டேங்கறமே.”

அவர் மட்டும் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. எல்லோரும் எதற்கும் “பண்ணிக்கலாங்க” என்று தலையாட்டும் இந்தத் தொழிலில், தொலைபேசியை எடுத்து நிதானமாக “ஆகாதுங்க” என்று சொல்லக்கூடியவர் அவர். பயிற்சிக்குப் போன புதிதில், அப்படிச் சொல்ல பயமாக இல்லையா என்று கேட்டேன். “இன்னிக்கே ஆகாதுன்னு சொன்னா திட்டு மட்டுந்தான் கண்ணு. அத வாங்கிக்கலாம்” என்றார்.

அப்படிப்பட்டவர்தான் காய்ச்சலோடு மேலாளரிடம் போய், ரெண்டு நாள் வர முடியாது, எழுந்து நிற்கவே முடியவில்லை என்றார். கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் சரி என்றால் எங்களுக்கு ஒன்றுமில்லை என்றார் மேலாளர். அக்கா அங்கிருந்தே தொலைபேசியில் துறைக்குப் பேசினார். பயிற்சிக்குப் பொறுப்பான ஆசிரியர், நிறுவனம் சம்மதித்தால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றார். இருவரும் மறுக்கவில்லை; இருவரும் கொடுக்கவும் இல்லை. நிறுவனத்தின் சான்றிதழ் இல்லாவிட்டால் பருவமே போய்விடும் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அக்கா திரும்பி வந்து மேலாளரிடம் ஒன்று கேட்டார். “அண்ணா, கண்டெய்னர் கெளம்ப வேண்டிய நெசமான தேதி எதுங்க?”

“நாளைக்கேதானுங்க அம்மணி. லோடு போயிரட்டும், அப்பறம் நல்லா ரெஸ்ட் எடுத்துக்கங்க.”

அக்கா அந்தப் பக்கம் போனதும் மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “ரெண்டு நாள்னு கேட்டா ஒரு நாள்தானுங்க வேணும். எல்லாரும் சேத்துத்தான கேப்பாங்க?”

இவ்வளவுதான் நடந்தது. யாரும் அதட்டவில்லை. யாரும் மரியாதைக் குறைவாக ஒரு சொல் பேசவில்லை. எண்ணிக்கையில் ஒரு பெட்டியைக்கூடக் கூட்டிச் சொல்லாத ஒருவர், தன் உடம்பைக் கூட்டிச் சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் அக்கா வந்தார். பெட்டிகள் ஏறும்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சரிபார்த்தார். கண்டெய்னர் கிளம்பியதும் அவரைத் தம்பி மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். டெங்கு, முன்னமே கூட்டி வந்திருக்க வேண்டும் என்று அங்கே சொன்னார்களாம். அங்கிருந்து அவர் வீடு திரும்பவில்லை.

அந்தக் கண்டெய்னர் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தது என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அக்கா கேட்ட ரெண்டு நாளைக் கொடுத்திருந்தாலும் சரக்கு அதே கப்பலில்தான் ஏறியிருக்கும். மேலாளர் சொன்னது வழக்கமான முந்திய தேதி. அதைச் சொன்னதில் அவருக்குத் தவறாக எதுவும் படவில்லை. இப்போதும் படுவதாகத் தெரியவில்லை. தேர்வுத்தாளில் எத்தனையோ விநியோகச் சங்கிலிகளை வரைந்திருக்கிறோம். எந்தப் படத்திலும் காய்ச்சல் வந்த ஒரு ஆளுக்கு இடம் விட்டதாக எனக்கு நினைவில்லை.

வெள்ளகோவிலில் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய அம்மா அழவில்லை. கோபமாக இருந்தார், மகள் மேல். “காலேஜுல இருந்து வந்தவங்க சொன்னாங்க கண்ணு, கேட்டிருந்தா லீவு குடுத்திருப்பாங்களாம். வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கறதுக்கென்ன அவளுக்கு? ஊருக்கெல்லாம் பேசற வாய்தான?”

“கேட்டாங்கம்மா. என் முன்னாலதான் கேட்டாங்க. தரலீங்க.”

“இத்தன நாளும் எம் புள்ளயவே திட்டிட்டு இருந்தனே” என்றார். அப்போதுதான் அழுதார்.

இறந்த பெண்ணின் மேல் பழியைப் போட்டு, அதற்குக் கடமை உணர்வு என்று பெயரும் வைத்து, அதை ஒரு தாயிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். துறை அந்த வரியை நீக்க வேண்டும். எழுத்தில் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. அடுத்த அணி மாணவர்கள் அதே கிடங்குகளுக்கு, அதே ஏற்பாட்டில் போகப்போகிறார்கள். விடுப்புக் கொடுப்பது யார் பொறுப்பு என்று அதற்குள் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றும் கேட்டிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

சென்ற வாரம், அக்காவின் இடத்துக்கு வந்திருக்கும் எங்கள் வகுப்புத் தோழி தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டாள். அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். நிஜமாகவே முடியவில்லையா என்று மேலாளர் என்னிடம் கேட்டார்.

“முடியலைன்னு சொன்னாங்க. அனுப்பிட்டேன்.”

“எப்பங்க வருவாங்க?”

“சரியானதும்.”

அக்காவின் பங்கு வேலை அவளுக்கு வந்திருந்தது. அவள் பங்குப் பெட்டிகளையும் சேர்த்து அன்று நான் எண்ணினேன். கௌசல்யா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இவ்வளவுதான்: ஒருவர் முடியவில்லை என்று சொன்னால், அதில் ஒரு நாளைக்கூடக் கழிக்காமல் நம்புவது.