மனைவி தைத்த சட்டையைப் பிரித்தேன்

மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் எட்டு மாதமானபோது மகளின் பள்ளிக்கூடச் சட்டை சிறுத்துவிட்டது. மகளுக்குப் பத்து வயது. நான் கற்பிட்டியிலிருந்து வெங்காய லொறி ஓட்டுகிறவன். முந்தலில் எங்கள் தெருவில் தைக்கிற பெண்ணிடம் புதிய வெள்ளைத் துணியைக் கொண்டுபோனேன். அவள் வீட்டில் உட்காரும் கதிரைகளிலெல்லாம் ஹஜ்ஜுப் பெருநாள் உடுப்புகள் குவிந்து கிடந்தன.

"பெருநாள் முடியட்டும், நானா" என்று அண்ணன் முறை சொல்லி அனுப்பிவிட்டாள்.

"அதுவரைக்கும் நான் இதப் போட மாட்டேன் வாப்பா" என்றாள் மகள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பழைய சட்டையின் கைகள் முழங்கைக்கு ஏறியிருந்தன.

அன்று பின்னேரம் மனைவி தொலைபேசியில் வீடியோவில் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"வீட்டுல மெஷின் இருக்குதானே. நீங்களே தைங்க."

"எனக்கு ஊசியில நூல் கோக்கவும் தெரியாது."

"கத்துத்தாறன். இருபது நிமிஷம் இருக்கு."

அவள் வேலை செய்யும் வீட்டில் தினமும் அந்த இருபது நிமிடந்தான் அவளுடையது. தண்ணீர்ப் போத்தலில் தொலைபேசியைச் சாய்த்து வைத்து மெஷின் முன் உட்கார்ந்து, அவள் சொன்னபடி நூலைக் கோத்தேன். லொறி ஓட்டும் காலுக்கு ஒரு மிதிபலகை பெரிய காரியமா என்று நினைத்தேன். மிதித்தேன். சக்கரம் பின்னுக்குச் சுற்றியது, நூல் அறுந்தது. மறுபடி மிதித்தேன், மறுபடி அறுந்தது.

"முதல்ல கையால சக்கரத்த உங்கட பக்கம் சுத்துங்க. பிறகு கால். நூல் இல்லாம ஓட்டிப் பழகுங்க."

மூன்று நாள் நூலில்லாமல் பழைய கடதாசியில் ஓட்டினேன். நான்காம் நாள் இரண்டு ஓரமும் சேர்த்துத் தைக்காமல் கிடந்த என் சாரன் ஒன்றை மூட்டினேன். தையல் கோடு எங்கெங்கோ போனது. உடுத்தால் தெரியாது என்றாள் மனைவி.

பிறகு பழைய சட்டையைப் பிரிக்கச் சொன்னாள். அந்தத் துண்டுகளைப் புதுத் துணியில் விரித்து, இரண்டு விரல் அகலம் கூட்டி வெட்ட வேண்டும். சட்டை அவள் கையால் தைத்தது. தையல்கள் நெருக்கமாக இருந்தன. பிளேடு நுனியால் ஒவ்வொன்றாக அறுத்தேன். அவள் இங்கே தைத்துக்கொண்டிருந்த காலத்தில், மெஷின் இரைச்சலில் செய்தி கேட்க முடியவில்லை, நிறுத்து என்று எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறேன். அது அப்போது நினைவுக்கு வந்தது.

சட்டைக்குக் கை பொருத்தும்போது ஊசி சுட்டுவிரல் நகத்தில் இறங்கியது. விரலைச் சாரனுக்குள் மறைத்துக்கொண்டேன்.

"ஏன் கதைக்காம இருக்கீங்க? குத்திட்டா?"

"ஓம்."

"காட்டுங்க."

காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "கழுவிட்டு வாங்க. நான் இருக்கன்."

திரும்பி வந்தபோது துணி மெஷினிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க அவள் சட்டென்று கையை நீட்டினாள். தொலைபேசித் திரையில் அவளுடைய உள்ளங்கை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள். துணியை நான் எடுத்தேன்.

முடித்துக் கொடுத்த சட்டையை மகள் போட்டுப் பார்த்தாள். "வாப்பா, ஒரு கை உள்பக்கம் வெளிய வந்திருக்கு."

"பிரிங்க" என்றாள் மனைவி.

அந்த ஒரு கையை இரண்டு தடவை பிரித்தேன். பெருநாளுக்கு நான்கு நாள் முன்பு மகள் அந்தச் சட்டையோடு பள்ளிக்கூடம் போனாள். யார் தைத்தது என்று கேட்டார்களா என்றேன். ஒருத்தரும் கேட்கவில்லை என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

மனைவி குவைத்திலிருந்து திரும்பி வந்து இப்போது ஒரு வருடமாகிறது. மெஷின் அவளுடையதுதான். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மட்டும் எழுந்து இடம் விடுகிறாள், அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் சாரன்களை நான் மூட்டிக் கொடுக்கிறேன்.