தூங்குமூஞ்சி மரத்து கிட்டார்

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சுவரிலோ மரத்திலோ துளை போடக்கூடாது. இங்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. நம் ஊரில் ஞாயிறுதான் ஆணி அடிக்கிற நாள். போன ஞாயிறு, சத்தம் வராத கைத்துளைப்பான்தானே என்று துணிந்து, சமையலறை மேசையில் என் கிட்டாரைக் குப்புறப் போட்டுத் துளைத்துக்கொண்டிருந்தேன். தந்திகளைத் தாங்கும் பழைய பிரிட்ஜைக் கழற்றிவிட்டேன். அது கதவுக் கீலை வளைத்து நானே செய்தது. புதிதாக வாங்கிய பிரிட்ஜுக்குத் தந்திகள் பின்பக்கத்திலிருந்து மரத்தினூடே வரவேண்டும். தந்தியின் அதிர்வை ஒலிபெருக்கிக்குக் கொடுக்கும் பிக்கப்புகளும் புதியவை, இரைச்சல் வராதவை. பாதித் துளையில் அழைப்புமணி அடித்தது.

வெளியே நிற்பது பக்கத்து வீட்டு அம்மா ஃபிராவ் பெக்கர்தான் என்று தெரியும். ஆனாலும் ஒரு துண்டை எடுத்து கிட்டார்மேல் போட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். அவர் உதட்டில் விரல் வைத்து, "பிட்டே, ருஹே" என்றார். தயவுசெய்து அமைதி என்று அர்த்தம். நான் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் துண்டு வழுக்கி விழுந்துவிட்டது. அவர் எட்டிப் பார்த்து, கிட்டாரின் முதுகில் கறுப்பில் எழுதியிருந்த எண்ணைக் காட்டி, "இது ஊரில் உங்கள் பழைய வீட்டு எண்ணா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்குச் சந்தோஷம். என்ன அழகு, வீட்டைக் கையோடு கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது வீட்டு எண் இல்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் போகும் சாலையில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் எண். சாலையோர மரங்களில் பட்டையைச் செதுக்கி, வெள்ளையடித்து, கறுப்பில் எண் போடுவார்களே, அது.

அது எண்பதுகளின் இட ஒதுக்கீட்டுப் போராட்ட வருடங்கள். எங்கள் அத்தாவுக்குக் கடைவீதியில் இரும்புக்கடை. ஒருநாள் கடையில் இருந்த ரம்பம் எல்லாம் விற்றுப்போனது. அத்தா குஷியாகத்தான் இருந்தார். மறுநாள் காலையில் மரங்கள் சாலைக்குக் குறுக்கே கிடந்தபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. பஸ் இல்லை, பால் இல்லை. பிறகு போலீஸ் வந்து, மரங்களைத் துண்டுபோட்டு ஓரமாகத் தள்ளி, வழியைத் திறந்தது. அந்தத் துண்டுகளை ஊரே விறகுக்குத் தூக்கிப் போனது. நானும் ஏழுமலையும் சைக்கிளில் ஒன்றை ஏற்றிவந்தோம், கிட்டார் செய்ய.

ஏழுமலை என் பள்ளித் தோழன். மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலை. ஸ்பீக்கர் காந்தத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி கிட்டாருக்கு பிக்கப் செய்துவிடலாம் என்பது அவனுடைய கணக்கு. கழுத்துக்குப் புதுச்சேரியில் ஓர் உடைந்த கிட்டார் கிடைத்திருந்தது. உடம்பு செய்யத்தான் பலகை வேண்டும். எண் எழுதிய பக்கம் ஏற்கெனவே சமமாக இருந்ததால், இழைக்கிற வேலை மிச்சம் என்று அந்தப் பக்கத்தையே அறுத்தெடுத்தோம். எங்களுக்கு அவ்வளவுதான் மூளை.

அதற்குப் பிறகுதான் வீடு வீடாகத் தேடினார்கள். சாலை மரம் யாரிடம் இருக்கிறதோ அவன்தான் வெட்டினவன் என்று பேச்சு. போராட்டத்தில் இறங்கியிருந்த ஏழுமலையின் தெருவிலிருந்து அவன் வயதுப் பையன்களை வேனில் ஏற்றிப் போனார்கள். அன்று அவன் எங்கள் கடையில் உட்கார்ந்து காயில் சுற்றிக்கொண்டிருந்தான். ஜீப் வந்து நின்றதும் அத்தா அந்தப் பலகையைக் கல்லாமேல் போட்டார், எண் அடியில் போகும்படி. அதன்மேல் ஆணி நிறுக்கும் தராசைத் தூக்கி வைத்தார்.

"ரம்பம் யாருக்கெல்லாம் வித்த?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கடைன்னா நாலு பேரு வருவாங்க போவாங்க சார். மூஞ்சிய எங்க பாக்கறேன்?"

"இவனுங்க யாரு?"

"அது என் பையன். இது எங்க அக்கா பையன் சார், சலீமு."

முஸ்லிம் பையன் என்றால் போராட்டத்தில் இருக்க மாட்டான் என்பது அத்தாவின் கணக்கு. ஏழுமலை தலையை நிமிர்த்தவில்லை. இன்ஸ்பெக்டர் எங்களைக் கை நீட்டச் சொன்னார். அவன் உள்ளங்கை சுத்தமாக இருந்தது. என் கையில்தான் ரம்பம் பிடித்த கொப்புளங்கள். அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எனக்கு மூத்திரம் வந்துவிடும்போல் இருந்தது. அப்போது அத்தா தராசை இறக்கிவிட்டு, அந்தப் பலகையையே தட்டிக் காட்டினார்.

"இத்த அறுத்துக்கினு இருந்தான் சார். கிட்டாரு செய்யறானாம். வேல வெட்டி இல்லாத பய."

இன்ஸ்பெக்டர் லத்தியால் பலகையைத் தட்டிப் பார்த்தார். ஓரத்தைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கினார். அதைப் புரட்டியிருந்தால் மூன்று பேர் கதையும் முடிந்திருக்கும். "ஊரே பத்திக்கினு எரியுது, இவனுக்குப் பாட்டு கேக்குதா?" என்று சொல்லி என் கையை உதறிவிட்டுப் போனார்.

ஏழுமலை அன்றைக்கே கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டான். வெள்ளிமலையில் மாவு மில் வைத்திருந்தவர் அவனுக்குத் தெரிந்தவர். சூடு ஆறிய பிறகுதான் இறங்கினான். காயிலைச் சொன்னபடி முடித்துக் கொடுத்தான். அத்தா இன்ஸ்பெக்டரின் அந்தப் பிடியை மறக்கவில்லை. பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லி என்னை நச்சரித்துத் துரத்திவிட்டார். நான் பயந்துதான் ஊரை விட்டேன். வேலைக்காக என்று இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஃபிராவ் பெக்கர் போனபின் எனக்கு அசட்டுத் தைரியம் வந்தது. கிட்டாரின் பின்பக்கத்தைப் படம் எடுத்து, "எந்த ரோட்டு மரம், கண்டுபிடிங்க" என்று எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். உடனே ஏழுமலை அழைத்தான். அவனுக்கு இப்போது சொந்தப் பட்டறை, பேரப்பிள்ளைகள்.

"அந்தப் படத்த மொதல்ல எடுடா," என்றான். குரல் கிசுகிசுப்பாக வந்தது. பட்டறையின் ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது.

"இத்தினி வருஷம் கழிச்சு எந்த போலீஸுடா வரப்போவுது?"

"போலீஸுக்கு யாருடா பயந்தான்? எங்க தெருவுல அன்னிக்கு அத்தினி பேரு அடி வாங்கனாங்க. நான் மட்டும் எப்பிடித் தப்பிச்சேன்னு இன்னி வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாது. இந்தப் பலகைக் கதையக் கிளறினா அதுவும் வெளிய வரும். உங்க அத்தா என் பேர மாத்திச் சொன்னாரு, நான் வாயத் தெறக்காம நின்னேன்னு தெரிஞ்சா, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு அவனுங்களோட டீ குடிக்கறது? உன்ன அங்க யாருக்கும் தெரியாது. என்ன இங்க எல்லாருக்கும் தெரியும்."

படத்தைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டேன். அதற்குள் ஒருவன், "இது நம்ம தியாகதுருகம் ரோடாச்சே, எப்ப வெட்னது?" என்று கேட்டிருந்தான். உப்புத்தாளை எடுத்து, சத்தம் வராமல், மீதி ஞாயிறு முழுக்கத் தேய்த்தேன். கறுப்பு போய், வெள்ளை போய், மரத்தின் பழுப்பு வந்தது. படம் எடுத்து ஏழுமலைக்கு மட்டும் அனுப்பினேன். "இப்பதான் மூச்சு வருது," என்றான்.

மறுநாள் மாலை துளைகளை முடித்து, புதிய பிக்கப்புகளைப் பற்றவைத்து, ஆம்ப்ளிஃபயரில் இணைத்தேன். ஏழுமலை கட்டிய காயிலில் எப்போதும் ஓர் இரைச்சல் இருக்கும். இதில் துளிகூட இல்லை. என் கிட்டாரில் இப்போது எந்த ஊரின் அடையாளமும் கிடையாது. இனி யார் மணியடித்தாலும் பயமில்லாமல் புரட்டிக் காட்டலாம். மடியில் வைத்து அந்த வெறும் முதுகைத் தடவிப் பார்த்தேன். காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.