ஆர்லீன் எழுதிய இருபத்திரண்டு பெயர்கள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் ஆர்லீன் விட்கோவுக்கு இருப்புக் கொள்ளாது. நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில், வண்டிகளுக்கு நம்பர் பிளேட் கொடுக்கும் அலுவலகத்தில் இருபது வருடமாக அதே ஜன்னல். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆகஸ்டில் மட்டும் கை இங்கே முத்திரை குத்தும், மனசு கல்லூரி மைதானத்தில் நிற்கும்.

எல்லாம் கால்பந்துப் பைத்தியம்தான். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற அவர்கள் ஊர்க் கால்பந்து. தாக்கப் பதினொரு பேர், தடுக்கப் பதினொரு பேர். அந்த வருடத்தின் முதல் ஆட்டத்தில் முதலில் இறங்கப்போகிற அந்த இருபத்திரண்டு பேர் யாரென்று பயிற்சியாளர் திங்கட்கிழமை மதியம்தான் வாயைத் திறப்பார். ஆர்லீனோ அதற்கு முந்தைய வியாழக்கிழமையே பெயர்களைத் தாளில் எழுதி, டுவெயினின் உணவகத்தில் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவிடுவாள். ஒன்பது வருடமாக ஒரு பெயர் தப்பியதில்லை. ரேடியோவில் வாய் கிழியப் பேசும் ஆண்களுக்கெல்லாம் இதில் வயிற்றெரிச்சல் உண்டு.

அவள் வித்தை எளிமையானது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலிக்கு வெளியே காரை நிறுத்திக்கொண்டு, பயிற்சி நடுவே யார் முதலில் தண்ணீர் குடிக்க விடப்படுகிறார்கள் என்று பார்ப்பாள். ஓட்டத்தைப் பார்க்கவே மாட்டாள். முதல் அணிக்குத்தான் முதல் தண்ணீர்.

அவள் மகன் பிரென்னனும் அந்த அணியில்தான் இருந்தான். உதவித்தொகை எதுவும் இல்லாமல், தானாகப் போய்ச் சேர்ந்தவன். நான்கு வருடம் அவன் கடைசியாகத்தான் தண்ணீர் குடித்தான், அவளும் அவன் பெயரை எழுதவில்லை. பெற்ற பிள்ளைக்கே இடம் தராத மகராசி என்று ஊரே கிண்டல் செய்தது. அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஐந்தாவது வருடம், அவனுடைய கடைசி வருடம், அவன் முதல் வரிசையில் தண்ணீர் குடித்தான். பந்தை எறிகிறவனுக்கு முன்னால் அரணாக நிற்கிற ஐவரில் ஒரு இடம். அதற்குப் போட்டி, குளிர்சாதனப் பெட்டி மாதிரி உடம்புள்ள மோஸ்லி என்ற முதலாண்டுப் பையன். ஆர்லீனுக்குத் தலைகால் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பிரென்னன் மாடிப்படியில் பக்கவாட்டாக, கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கினான். கால் என்ன ஆயிற்று என்று கேட்டாள். தூக்கம் கலையவில்லை என்று சிரித்து மழுப்பினான். அன்று மதியம் மைதானத்தில் நொண்டாமல் ஓடினான். காலுறைக்குள் கட்டுப் போட்டிருக்கிறான் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது.

மோஸ்லியின் பெயரை எழுதினால், அம்மாவே விட்டுவிட்டாள், காலில் ஏதோ கோளாறு என்று ஊர் மோப்பம் பிடித்துவிடும். சாயங்காலத்துக்குள் பயிற்சியாளர் காதுக்கும் போய்விடும். மகன் பெயரை எழுதினால், அந்தக் காலோடு அவன் ஆடக் கூடாதென்று தெரிந்தே சொல்லும் பொய். இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை ஒரு விவசாயியின் டிரக்குக்கு உரிய பிளேட்டைத் தவறுதலாகப் பாதிரியாருக்குக் கொடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை, மகன் பெயரையே எழுதினாள்.

“ஒருவழியா பெத்த மனசு எளகிடுச்சா?” என்றான் டுவெயின்.

“மனசுமில்ல மண்ணுமில்ல. தண்ணி குடிக்கிறதப் பாத்தேன், எழுதினேன்.”

மாலையில் பிரென்னன் அங்கே சில்லி என்கிற காரமான இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் சாப்பிட வந்து, அந்தத் தாளின் முன்னால் வெகுநேரம் நின்றானாம். வீட்டுக்கு வந்தவன் குளியலறையில் சீட்டியடித்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

சனிக்கிழமை பயிற்சியில் அவன் மோதி விழுந்தான். கட்டுப் போட்டிருந்த அதே கணுக்கால் முறிந்தது. அந்த வருட ஆட்டம் முடிந்தது, அவனுடைய ஆட்டமே முடிந்தது.

திங்கட்கிழமை வந்த பட்டியலில் மோஸ்லி இருந்தான், மற்ற இருபத்தொன்றும் சரி. அடிபட்டதைத் தப்பாக யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள், இருபத்திரண்டுக்கும் டிக் போட்டுவிட்டேன் என்று டுவெயின் போனில் சொன்னான். அவள் போனை வைத்தாள்.

சோபாவில் மாவுக்கட்டுக் காலை நீட்டியிருந்த மகனிடம் போய் உட்கார்ந்தாள்.

“செவ்வாக்கிழமையே எனக்குத் தெரியும்டா. நீ படி எறங்கினதப் பாத்தேன்.”

அவன் டிவியை அணைத்தான்.

“வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட காட்டறதா இருந்தேம்மா. ரெண்டு வாரம் ஒக்காந்திருந்தா சரியாப் போயிருக்கும். உன் லிஸ்டப் பாத்ததும், அம்மா கண்ணுக்கே தப்பாத் தெரியலன்னா இது ஒண்ணுமே இல்லன்னு விட்டுட்டேன்.”

அவள் அவன் காலுக்கடியில் இருந்த தலையணையைச் சரிசெய்தாள்.

“நாலு வருஷம் நீ என் பேர எழுதல. ஒரு தடவையாவது நான் கோவிச்சுக்கிட்டேனா?”

“இல்ல,” என்றாள்.

அலுவலக உடையை மாற்றாமலே உணவகத்துக்குப் போனாள். டுவெயினின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மகன் பெயருக்கு எதிரே அவன் போட்டிருந்த டிக்கின் மேல் கோடு கிழித்து, பக்கத்தில் ‘தப்பு’ என்று எழுதினாள்.