தலைக்குள் அடித்த இரண்டாவது மணி

டிராம் ஓட்டுகிறவனுக்குத் தலையில் அடிபட்டது என்றால் வண்டி எதிலோ மோதிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மோதவில்லை ஐயா. லஸ் முனையில் ஓர் எருமை, அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி தண்டவாளத்தில் வந்து நின்றது. பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நின்றது, எருமையும் நின்றது, நான் மட்டும் நிற்கவில்லை. வண்டி முகப்பில் இருந்த இரும்புக் கம்பத்தில் நெற்றி போய் இடித்து, தலைப்பாகை தெருவில் உருண்டது. அதைப் பொறுக்கிக் கொடுத்த பெரியவர், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார். தலைப்பாகையோடு போயிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து மனை பிரித்து, புதிது புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த முப்பதுகளின் தொடக்கம் அது. நாங்கள் மயிலாப்பூரிலிருந்து பட்டினப்பாக்கம் போகும் வழியில், ஒரு சந்தில் குடியிருந்தோம். நான், மனைவி, மூன்று வயது மகள். டாக்டர் நெற்றியில் தையல் போட்டு, "மூளை குலுங்கியிருக்கு. வெளிக்காயம் சீக்கிரம் ஆறிடும். உள்ளே ஆற நாளாகும். இருட்டுல படுத்துக் கிட" என்றார். அவர் சொன்னபடியே வெளிக்காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. வந்த வினையே அதுதான். கை ஒடிந்து கட்டுப் போட்டிருந்தால் நாலு பேர் நகர்ந்து இடம் விடுவார்கள். தலைக்குள் இருப்பதை யாருக்குக் காட்டுவது? "இன்னும் இன்னா படுத்துகினு கீற, நல்லாத்தானே கீற?" என்று கேட்காத ஆள் இல்லை.

நல்லாத்தான் இருந்தேன்! வெயிலைப் பார்த்தால் கண்ணுக்குப் பின்னால் ஊசி குத்தும். உசிரை விட்டுத் தின்ற வறுத்த மீன், வாசனை வந்தாலே குமட்டியது. வலது காதுக்குள் ஓயாமல் ஒரு மணி அடித்தது. அதுவும் விட்டு விட்டு, சொல்லாமல் கொள்ளாமல். உப்பு வாங்கப் போய்க் கடை வாசலில் நின்று, எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வந்திருக்கிறேன். கோபம் வேறு. முன்கோபக்காரன்தான் நான், மறுக்கவில்லை. ஆனால் இது வேறு கோபம். ஒருநாள் என் மகள் கொட்டாங்கச்சியில் கயிறு கட்டித் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். அந்தச் சத்தம் மண்டையைப் பிளந்தது. நான் போட்ட கூச்சலில் பிள்ளை அங்கேயே பாவாடையை நனைத்துவிட்டாள். அன்றிலிருந்து என்னைத் தாண்டும்போதெல்லாம் நுனிக்காலில் நடந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

பக்கத்து வீட்டுக்காரி வந்து, என் மனைவியிடம் மெதுவாக, "தலைக்கு எலுமிச்சம்பழம் தேயேன், தெளிஞ்சிடும்" என்றாள். பைத்தியத்துக்குச் செய்கிற வைத்தியம் அது.

"மொதல்ல உன் புருசனுக்குத் தேய். மீந்தா எனுக்குக் குடு" என்றாள் என் மனைவி.

வாய் அப்படி, கை வேறு. சன்னலில் ஈரப்புடவையைக் கட்டி வெளிச்சத்தை மறைத்தாள். மீனைத் தெருக்கோடியில் கொண்டுபோய் வறுத்து, அங்கேயே பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு வந்தாள். நான் எரிந்து விழுந்தபோதெல்லாம் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அப்புறம் தனியாகப் போய்ப் பாத்திரங்களைத் திட்டுவாள்.

மூன்று மாதத்துக்குள் டாக்டரின் கடிதத்தோடு வராவிட்டால் என் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று டிப்போவிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். தண்டவாளம் கூட்டுகிற ஆளாகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, ஓட்டும் கைப்பிடியைப் பிடித்தவன் நான். அந்தக் கைப்பிடி போனால் நான் யார்? டாக்டர் எப்படிச் சோதிப்பார் என்று விசாரித்தேன். நேர்க்கோட்டில் தள்ளாடாமல் நடக்கச் சொல்வாராம். மனைவியிடம் சொல்லி நடையில் கோலமாவால் ஒரு கோடு போடச் சொன்னேன். தினமும் அதில் நடந்து பழகினேன். மேடையேறப் போகிற கூத்தாடிகூட அப்படி ஒத்திகை பார்த்திருக்க மாட்டான். டாக்டர் முன்னால் அம்பு மாதிரி நடந்தேன்.

"காதுல இரைச்சல் ஏதாவது?"

"இல்லீங்க."

கடிதம் கிடைத்துவிட்டது. மனைவியிடம் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எழுத்துப் படிக்கத் தெரியாதவள், அதனால்தான் பேசாமல் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியின் பின்பக்கம் நிற்கிற கண்டக்டருக்கும் முன்பக்கம் நிற்கிற எங்களுக்கும் மணிதான் பேச்சு. ஓடும்போது ஒரு மணி அடித்தால் நிறுத்து. நின்ற வண்டியில் ஒரு மணி என்றால் இன்னும் ஆள் இறங்குகிறது, அசையாதே. இரண்டு மணி அடித்தால் புறப்படு. என் கண்டக்டர் உருது பேசும் வீட்டுக்காரர், ராயப்பேட்டை. நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை நைனா என்பார். ஒன்பது வருஷம் ஒரே வண்டி. நான் திரும்பி வந்த முதல் நாளே என் முகத்தைப் பார்த்து, "நைனா, மெய்யாலுமே சரியாப் போச்சா?" என்று கேட்டார். "உனக்கு இன்னா சந்தேகம்?" என்று பாய்ந்தேன். மனுஷன் அதற்கப்புறம் கேட்கவில்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எண்ணி எட்டாம் நாள் அவிழ்ந்தது. சாயங்காலம், கபாலி கோயில் குளத்துப் பக்கம் வண்டி நின்றது. வெயில் சாய்வாகக் கண்ணில் அடித்தது. பின்னால் ஒரு மணி கேட்டது, கூடவே இன்னொன்றும் கேட்டது. கைப்பிடியைத் திருப்பிவிட்டேன்.

"நைனா! நைனா! நிறுத்து!"

பிரேக்கைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். மாடவீதிப் பக்கத்துப் பெண் ஒருத்தி கீழே உட்கார்ந்திருந்தாள். நிறைமாசம். பாய் பாய்ந்து அவள் கையைப் பிடித்திருக்கிறார். அதனால் சக்கரத்தின் பக்கம் சாயாமல் முழங்காலோடு போயிற்று. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். அவளோ என்னைச் சமாதானப்படுத்துகிறாள்: "ஒண்ணும் ஆகலை. நான்தான் அவசரப்பட்டுண்டு எறங்கிட்டேன். ஆத்துல மட்டும் சொல்லிடாதீங்கோ, அப்புறம் வெளியிலேயே விடமாட்டா." அடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கூட வந்த பெண் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள்.

வண்டியில் இருந்தவர்கள் யாரோ டிப்போவில் சொல்லிவிட்டார்கள். அதிகாரி இருவரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். நான் வாயைத் திறக்குமுன் பாய் முந்திக்கொண்டார்.

"தப்பு என்னுதுங்க. ஒரு மணி அடிக்கிறதுக்கு ரெண்டு அடிச்சிட்டேன்."

அவருக்கு ஐந்து பிள்ளைகள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக நின்றார். நான் சும்மா இருந்தால் போதும், கைப்பிடி என்னுடையது. ஒரு நிமிஷம் சும்மாதான் இருந்தேன். அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"இல்லீங்க. பாய் ஒண்ணுதான் அடிச்சாரு. ரெண்டாவது மணி என் தலைக்குள்ள அடிச்சுது. மூணு மாசமா அடிச்சுகினுதான் கீது. டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

அன்றே கைப்பிடியை விட்டு எடுத்து, கொட்டகையில் வண்டி கழுவும் வேலைக்குப் போட்டார்கள். வெளியே வந்ததும் பாய் என்னைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "அரே, புத்தி கீதா உனுக்கு? நான் சமாளிச்சிருப்பேனே!" கத்திவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி முதலில் கேட்டது, "அந்தப் பொண்ணு நல்லாக்கீதா?" என்றுதான். நல்லாக்கீது என்றேன். தொப்பென்று தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கழுவுகிற வேலைக்கு வந்துவிட்டேனே என்று அழுகிறாள் என எண்ணி, "அழுவாதடி, காது சரியானா திரும்பக் குடுப்பாங்க" என்றேன்.

"வேலை கெடக்குது, தள்ளு. இந்த எட்டு நாள்ல ரெண்டு வாட்டி ராயப்பேட்டைக்கு அம்மாவைப் பாக்கப் போனேன், தெரியுமா உனுக்கு?"

"சொன்னியே. டிராம்லதானே போன?"

"நடந்து போனேன்யா. புள்ளையை இடுப்புல தூக்கிகினு வெயில்ல நடந்தே போனேன். உன் வண்டி வந்துடப் போவுதேன்னு ஏறல. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

அந்த எட்டு நாளும் மயிலாப்பூர் முழுக்க என்னை நம்பி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தெரிந்த ஒருத்தி ஏறவில்லை. நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வெயிலில் வெந்து கொப்புளம் கட்டியிருந்த அவள் பாதத்தை அப்போதுதான் பார்த்தேன்.