பரணில் இருந்த முனியாண்டி

ஜப்பான்காரன் காலத்தில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீட்டில் எங்களோடு முனியாண்டி சாமியும் குடியிருந்தார். பரண்மேல். அந்திப் பொழுதானால் அம்மா வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் ஒரு சுருட்டும் தட்டில் வைத்து, கும்பிட்டு, மேலே ஏற்றிவிடுவாள். தட்டு காலியாகத் திரும்பும். பலகை இடுக்கில் புகை கசியும். சில நாள் சாமி இருமும். எனக்கு ஆறு வயது. தினமும் கிழங்கைக் குறை சொல்லாமல் சாப்பிடுகிற சாமி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று எனக்குப் பெருமை.

தாய்மாமன் டெங்கில் என்ற ஊரில் தோட்ட வேலைக்குப் போயிருப்பதாக அம்மா ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் லைனிலிருந்து போன ஒருவரும் திரும்பவில்லை.

ஒரு மத்தியானம் சூறைக்காற்று சுழன்று வந்தது. கட்டிலுக்கடியில் கிடந்து "முருகா, முருகா" என்று கத்தினோம். ஓய்ந்ததும் வெளியே வந்தால், பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. தகரமெல்லாம் தண்டவாளத்தில். எதிர்வீட்டுக் கோழிக்கூடு கோழியோடு மாமரத்தில். எங்கள் வீட்டில் கூரையும் பரணும் போய், உத்திரத்தைக் கட்டிப்பிடித்தபடி ஒரு தாடிக்காரர், வாயில் அணைந்த சுருட்டோடு.

"அம்மா! முனியாண்டி நம்ம மாமா மாதிரியே இருக்காரும்மா!"

லைனே நிமிர்ந்து பார்த்தது. சயாமுக்குப் போகிறவர்கள் பேர் எழுதும் ஆபீஸ் கிராணியும்தான். சேதம் எழுத நோட்டுப்புத்தகத்தோடு அப்போதுதான் வந்திருந்தார். அம்மா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பக்கத்து வீட்டு அக்கா முந்திக்கொண்டாள். "டெங்கில்ல இருந்தவருங்க ஐயா. காத்து தூக்கிக் கொண்டாந்து போட்டுருச்சி லா!"

"சுருட்டோடயா?" என்றார் கிராணி.

யாரும் சிரிக்கவில்லை. அம்மா கும்பிட்ட கையை இறக்காமல் நின்றாள். கிராணி அவளைப் பார்த்துவிட்டு நோட்டுப்புத்தகத்தைத் திறந்தார். பிறகு, "உத்திரம் விழுந்து ஒருத்தருக்குக் கால் முறிவு, வேலைக்கு லாயக்கில்லை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"பொய்! மாமா காலு நல்லாத்தான்..." என்று தொடங்கிய என் தொடையை அம்மா கிள்ளிவிட்டாள்.

"பார்த்து, நொண்டிக்கிட்டே எறங்குய்யா" என்றார் கிராணி.

மாமா ஜப்பான்காரன் போகும்வரை நொண்டினார். சில நாள் இடது கால், சில நாள் வலது கால்.

சூறைக்காற்று அடித்த அன்று அந்தியில், கூரையில்லாத வீட்டில் அம்மா விளக்கேற்றித் தட்டில் கிழங்கும் சுருட்டும் வைத்தாள்.

"மாமாதான் கீழ வந்துட்டாரே, இது யாருக்கு?"

"முனியாண்டிக்கு" என்றவள், தட்டை எடுத்துக்கொண்டு கிராணி வீட்டுப் பக்கம் நடந்தாள்.

பொய் எழுதினவருக்குப் போய்ச் சாமி படையலைக் கொடுக்கிறாளே என்று, அம்மாவுக்காக நான் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.