பக்தவச்சலத்தின் பார்ட்டிகள்

இரும்புலியூர் வீட்டு புரோக்கர் பக்தவச்சலத்துக்கு உலகத்தில் மனிதர்களே கிடையாது, எல்லாரும் பார்ட்டிதான். வாடகைக்கு வீடு தேடி வருகிறவர் பார்ட்டி, வீட்டுக்காரர் ஓனர் பார்ட்டி. அட்வான்ஸை மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்தால் தங்கமான பார்ட்டி, இழுத்தடித்தால் டுபாக்கூர் பார்ட்டி. டீக்கடை வாசலில் தள்ளாடுகிறவன் தண்ணி பார்ட்டி. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களை மட்டும் அப்படிச் சொல்லமாட்டார். "அவங்க ஒரு எடத்துல நெலையா குடியிருக்க மாட்டாங்க. அவங்கள போய் பார்ட்டின்னா தொழிலுக்கே அசிங்கம்" என்பார். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவதற்கும் அதே பெயர்தான் என்று மகள் சுந்தரவல்லி சொன்னபோது, "அதுக்குக் கமிஷன் உண்டாம்மா?" என்று கேட்ட ஆள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஜி.எஸ்.டி. ரோட்டின் இருபுறமும் வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. மற்ற புரோக்கர்கள் வீட்டை ஆகா ஓகோ என்று புகழ, இவர் குறையை முதலில் சொல்லுவார். "கெணத்துத் தண்ணி உப்பு. கொசு ஜாஸ்தி. மழை பேஞ்சா வாசல்ல முழங்கால் தண்ணி. புட்ச்சிருந்தா உள்ள வாங்க." கேட்டவர்கள் முதலில் மிரளுவார்கள், பிறகு இவரை நம்பிக் குடிவந்துவிடுவார்கள். குறையைத் தானே சொல்லிவிட்டால் பின்னால் பார்ட்டி சண்டைக்கு வராது என்பது அவர் கண்ட தொழில் ரகசியம்.

சுந்தரவல்லியைப் பெண் பார்க்கப் பொழிச்சலூரிலிருந்து வேதாசலமும் அவர் மனைவி கங்கம்மாவும் மகன் சம்பத்தோடு வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் கைநழுவிவிடக் கூடாதே என்று பக்தவச்சலத்தின் மனைவி அம்மணி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். "லட்சணமா நாலு வார்த்தை பேசுங்க. பார்ட்டி கீர்ட்டின்னு வாயத் தொறக்காதீங்க" என்று காலையிலேயே சொல்லி வைத்தாள்.

பஜ்ஜி வந்தது. பழக்க தோஷம், அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பார்ட்டிகிட்ட... மன்னிச்சுக்கங்க, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. பொண்ணுக்கு முன்கோபம் ஜாஸ்தி. சாம்பார் வெச்சா ரசம் மாரி இருக்கும். காலைல எழுப்பறதுக்குள்ள நம்ம தாவு தீந்துடும்."

அம்மணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவுக்குப் பின்னால் சுந்தரவல்லி பல்லைக் கடித்தாள்.

கங்கம்மா வாய்விட்டுச் சிரித்தாள். தலைக்கு மேலே விமானம் போகிற ஊர்க்காரி, எப்போதுமே உரத்த குரல்தான். "எம் புள்ள மட்டும் இன்னா? கொறட்ட வுட்டான்னா பிளேன் எறங்கற மாரி கீது! உள்ளத உள்ளபடி சொல்ற வூட்லதான் பொண்ணு எடுக்கணும். எங்களுக்குப் புடிச்சிருக்குங்க."

சம்பத் நெளிந்தான். உள்ளே சுந்தரவல்லியும் சிரித்துவிட்டாள். அம்மா பார்த்த பார்வைக்குச் சம்மதம் என்று தலையாட்டினாள்.

அம்மணி பூவும் குங்குமமும் எடுக்க எழுந்தாள். பக்தவச்சலமோ நிறுத்துகிற வழியாக இல்லை. "அதுக்கில்லீங்க, அவளுக்குத் துணி மடிக்கத் தெரியாது. அடிக்கடி சளி புடிக்கும். நீங்க இன்னொரு தபா யோசிச்சுட்டு..."

அம்மணி அவர் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"அவங்கதான் சரின்ட்டாங்களே! இன்னும் இன்னாத்துக்குக் கொற சொல்லிக்கினு கீறீங்க?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அவ போயிடுவாளேன்னு நெனச்சா தாங்கல அம்மணி. கேட்டுட்டு, வேணாம்னு எழுந்து போயிட மாட்டாங்களான்னுதான்."